ஒஹாயோ ஸ்டேட் 2024: இரண்டு தோல்வி, ஒரு கோப்பை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸுக்குப் படிக்கவும் வேலைக்கும் வந்து சேரும் நம் ஆட்கள், அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாக்கள், ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் விசாரிக்கும் நண்பர்கள் என்று எல்லாரும் ஒரே சந்தேகங்களைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் 2024 சீசனைப் பற்றித்தான் பெரும்பாலான கேள்விகள். அந்த ஒரு சீசனைப் புரிந்துகொண்டால் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து இல்லை, இது வேறு ஆட்டம்) முக்கால்வாசி புரிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ரூல் ஒண்ணுமே புரியல. ஸ்கோர் பார்த்துப் புரிஞ்சுக்கிற அளவுக்காவது சொல்லுங்களேன்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 கெஜ நீளம், இரண்டு முனையிலும் எண்ட் ஸோன். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அவற்றுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். "தேர்ட் அண்ட் லெவன்" என்று வர்ணனையாளர் சொன்னால் மூன்றாவது முயற்சி, இன்னும் 11 கெஜம் பாக்கி என்று பொருள்.

பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டு சேர்த்தால் டச்டவுன், 6 பாயிண்ட். அதற்குப் பிறகு உதைத்து 1, அல்லது துணிந்து இன்னொரு முறை உள்ளே கொண்டுபோய் 2. தூரத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3. பந்தை எறிபவர் குவார்ட்டர்பேக், ஓடிப்போய்ப் பிடிப்பவர் ரிசீவர், கையில் வாங்கிக்கொண்டு முட்டி ஓடுபவர் ரன்னிங் பேக். இவர்களுக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பருத்த ஆட்கள்தான் ஆஃபென்ஸிவ் லைன். டிவி அவர்களைக் காட்டுவதே இல்லை. ஆனால் இந்த சீசனின் கதையில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காலேஜ் பசங்க ஆடுற ஆட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வர்றாங்களா? நிஜமாவா?

நிஜம்தான். 1922இல் திறக்கப்பட்ட ஒஹாயோ ஸ்டேடியத்தின் கொள்ளளவு 1,02,780. குதிரை லாட வடிவம் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அது 'ஷூ'. கொலம்பஸில் என்எஃப்எல் (தொழில்முறை ஃபுட்பால் லீக்) அணி கிடையாது. மாநிலத்தின் இரண்டு அணிகளும் கிளீவ்லாண்டிலும் சின்சினாட்டியிலும் இருக்கின்றன. ஆகவே தலைநகரத்தின் முழுப் பாசமும் பல்கலைக்கழக அணி மேல்தான். அங்கே படித்தே இராத குடும்பங்கள்கூட மூன்று தலைமுறையாகச் சனிக்கிழமை தவறாமல் சிவப்புச் சட்டை போடுகின்றன.

ஆட்டத்துக்கு முன் பல்கலைக்கழக பேண்டு வாத்தியக் குழு நடந்தபடியே 'ஒஹாயோ' என்று கோர்த்தெழுத்தில் உருவாகும். கடைசியில் சூஸஃபோன் வாசிப்பவர் ஒருவர் துள்ளிப்போய் ஓர் எழுத்தின் மேல் புள்ளியாக நிற்பார். முதல் முறை போகிறவர்கள் தாமதமாகப் போய் இதைத் தவறவிடாதீர்கள்.

பக்கைஸ்னா என்ன? ஹெல்மெட்ல இலை ஒட்டியிருக்கே?

பக்கை என்பது ஒஹாயோவின் மாநில மரம். அணியின் செல்லப்பெயர் அதிலிருந்து வந்தது. நன்றாக ஆடிய வீரருக்கு அந்த இலை போட்ட ஸ்டிக்கர் தருவார்கள். சீசன் போகப் போக ஹெல்மெட் இலைகளால் நிறைந்துவிடும்.

2024 சீசன் எப்படிப் போச்சு? கதை வேண்டாம், ஸ்கோர் மட்டும்.

ஆகஸ்ட் 31இல் தொடக்கம். ஆக்ரன் 52-6, வெஸ்டர்ன் மிச்சிகன் 56-0, மார்ஷல் 49-14. பிறகு தங்கள் கான்ஃபரன்ஸான (பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு) பிக் டென்னில் மிச்சிகன் ஸ்டேட் 38-7, அயோவா 35-7. அக்டோபர் 12இல் ஓரிகனிடம் 31-32 தோல்வி. அடுத்து நெப்ராஸ்கா 21-17, பென் ஸ்டேட் 20-13, பர்டூ 45-0, நார்த்வெஸ்டர்ன் 31-7, அதுவரை தோல்வியே காணாத இண்டியானா 38-15. நவம்பர் 30இல் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 10-13 தோல்வி.

தேசிய சாம்பியனை முடிவுசெய்யும் நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் நான்கு ஆட்டங்கள்: டென்னஸி 42-17, ஓரிகன் 41-21, டெக்ஸஸ் 28-14, ஜனவரி 20, 2025இல் அட்லாண்டாவில் நடந்த ஃபைனலில் நோத்ர டேம் 34-23. மொத்தம் 16 ஆட்டம், 14 வெற்றி. 2007இல் லூசியானா ஸ்டேட் அணிக்குப் பிறகு, இரண்டு தோல்வியோடு தேசிய சாம்பியனான முதல் அணி இதுதான்.

முதல் மூணு மேட்ச்ல அம்பது அம்பது பாயிண்ட் அடிக்கிறாங்க. ஏன் இவ்ளோ சின்ன டீமோட மோதணும்?

பெரிய பல்கலைக்கழகங்கள் சீசன் தொடக்கத்தில் சிறிய பல்கலைக்கழகங்களைப் பணம் கொடுத்து அழைத்து ஆடுவது நீண்ட நாள் வழக்கம். சிறியவர்களுக்கு அந்த ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் பல லட்சம் டாலர், அவர்களுடைய நீச்சல், டென்னிஸ், தடகள அணிகளுக்கெல்லாம் சோறு போடுகிறது. பெரியவர்களுக்குப் புது வீரர்களை இறக்கிப் பார்க்க ஒரு வாய்ப்பு. ரசிகனாக எனக்கு இந்த ஆட்டங்களில் பெரிய ருசி இல்லை. ஆனால் முதன்முதலாக ஸ்டேடியம் போக விரும்புகிறவர்களுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைப்பது இவற்றுக்குத்தான்.

குவார்ட்டர்பேக் வேற காலேஜ்ல ஆடிட்டு வந்தவராமே? அப்படி மாறலாமா?

மாறலாம். 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற ஏற்பாட்டில் பெயரைப் பதிந்தால் வேறு பல்கலைக்கழகங்கள் அந்த வீரரிடம் பேசலாம். முன்பெல்லாம் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும்; இப்போது அந்தத் தடை இல்லை. குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தார். ரன்னிங் பேக் குவின்ஷான் ஜட்கின்ஸ் மிசிசிப்பியிலிருந்து வந்தார். அலபாமாவிலிருந்து இருவர்: கடைசி வரிசைக் காவலர் கேலப் டவுன்ஸ், லைனின் நடுவே நிற்கும் செத் மெக்லாக்லின்.

ஆனால் இதை "வாங்கிச் சேர்த்த டீம்" என்று சொல்வது பாதி உண்மைதான். ஜாக் சாயர், ஜேடி டுயிமொலோவ், எமெகா எக்புகா, ட்ரெவியான் ஹெண்டர்சன், டானவன் ஜாக்சன், டென்சல் பர்க் ஆகியோர் 2021இலேயே கொலம்பஸுக்கு வந்தவர்கள். 2023 முடிந்ததும் என்எஃப்எல் போயிருக்கலாம். மிச்சிகனை ஒருமுறைகூட ஜெயிக்காமல் போக மனமில்லை என்று இன்னொரு வருடம் தங்கினார்கள். இந்த அணியின் உயிர் அவர்கள்தான் என்பது என் கருத்து.

20 மில்லியன் டாலர் டீம்னு சொல்றாங்க. அப்போ பசங்களுக்குச் சம்பளம் உண்டா?

அந்த வருடம் நேரடிச் சம்பளம் கிடையாது. கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் ஸ்காலர்ஷிப்பில் கிடைக்கும். அதற்கு மேல், தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் சம்பாதிக்க 2021 ஜூலையிலிருந்து அனுமதி உண்டு. என்ஐஎல் என்று சொல்வது இதைத்தான். நடைமுறையில் பெரும்பகுதி, பணக்கார ரசிகர்கள் சேர்ந்து அமைத்த நிதிக் குழுக்கள் வழியாகத்தான் வந்தது. 2024 அணிக்கு இப்படிச் சுமார் 20 மில்லியன் டாலர் போனது என்று பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார்.

2025 ஜூலையிலிருந்து விதி மாறிவிட்டது. நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசப்படி பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துத் தரும் தொகைக்கு முதல் வருட உச்சவரம்பு சுமார் 20.5 மில்லியன் டாலர்.

ஓரிகன் கிட்ட ஒரே பாயிண்ட்ல தோத்தாங்களே, கடைசியில என்ன ஆச்சு?

கடைசி நிமிடத்தில் பந்து ஒஹாயோ ஸ்டேட் கையில். ஃபீல்டு கோல் உதைக்கும் தூரத்துக்கு ஏறக்குறைய வந்துவிட்டார்கள். அப்போது ரிசீவர் ஜெரமையா ஸ்மித் காவலரைத் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடித்தார் என்று 15 கெஜம் பின்னால் போக நேர்ந்தது. மீதி நொடிகளில் ஓரிகன் 12 பேரை இறக்கியது. தண்டனை வெறும் 5 கெஜம். ஓடிப்போன 4 நொடி திரும்பி வரவில்லை. மிஞ்சிய 6 நொடியில் ஹோவர்ட் பந்தோடு ஓடித் தரையில் சறுக்கி விழுந்தபோது கடிகாரம் முடிந்திருந்தது.

12 பேர் விஷயம் யோசித்துச் செய்ததுதான் என்பதை ஓரிகன் கோச் டான் லானிங் பிறகு மறைக்கவில்லை. விதியில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். அடுத்த சில நாட்களிலேயே, இப்படிச் செய்தால் ஓடிய நேரத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று விதி தெளிவாக்கப்பட்டது. ஆனாலும் தோல்விக்குக் காரணம் அது மட்டும் அல்ல. ஓரிகனின் நீண்ட பாஸ்களை அன்று டிஃபென்ஸால் நிறுத்தவே முடியவில்லை.

நடுவுல டீம் ரொம்பத் திணறுச்சே. நெப்ராஸ்கா கிட்ட 21-17 எல்லாம் ஒரு ஸ்கோரா?

முதல் பதிலில் சொன்ன அந்தச் சுவரைக் கவனியுங்கள். குவார்ட்டர்பேக்கின் இடது ஓரத்தைக் காக்கும் ஜோஷ் சிம்மன்ஸுக்கு ஓரிகன் ஆட்டத்தில் முழங்கால் போயிற்று, சீசன் முடிந்தது. அடுத்த ஆட்டம்தான் நெப்ராஸ்கா. மொத்தமே 64 கெஜம் என்கிற அளவுக்கு ஓட்டமே நின்றுபோனது. நவம்பரில் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் பரிசை அவர் வாங்கும்போது மைதானத்திலேயே இல்லை.

சிம்மன்ஸின் இடத்தை நிரப்பியது டானவன் ஜாக்சன். இடது உள்பக்க ஆட்டக்காரரான அவர் ஓரத்துக்கு மாறினார். பார்க்க ஓரடி நகர்ந்ததுபோல் இருக்கும். உண்மையில் அது வேறு வேலை. எதிரே வருபவர்கள் இன்னும் வேகமானவர்கள், பக்கத்தில் உதவிக்கு ஆள் கிடையாது. ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு மீதி சீசன் முழுக்க அவர் அங்கே நின்றார். அவர் இல்லாவிட்டால் கோப்பை இல்லை என்பேன்.

மிச்சிகன் மேட்ச்னா ஏன் இவ்ளோ வெறி? பக்கத்து ஸ்டேட்தானே?

பக்கத்து ஸ்டேட் என்பதால்தான். இது பங்காளிச் சண்டை. 1897இல் முதல் ஆட்டம். இப்போது வழக்கமான சீசனின் கடைசிச் சனிக்கிழமை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது. அந்த வாரம் கொலம்பஸ் வளாகத்துப் பலகைகளில் எம் எழுத்து வரும் இடமெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். மிச்சிகனை ஜெயித்தால் ஒவ்வொரு வீரருக்கும் கால்சட்டை வடிவில் ஒரு சின்னத் தங்கப் பதக்கம். 1934இலிருந்து தொடரும் பழக்கம்.

2021, 2022, 2023 மூன்றிலும் மிச்சிகன் ஜெயித்திருந்தது. 2020 ஆட்டம் கோவிட்டால் நடக்கவில்லை. போர்ட்டல் கேள்வியில் சொன்ன 2021 ஆட்கள் ஏன் தங்கினார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும். பதக்கம் அவர்கள் யாரிடமும் இல்லை.

அன்னைக்கு 20 பாயிண்ட்ல ஜெயிப்பாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. அப்புறம் எப்படி 13-10?

மிச்சிகன் அப்போது 6 வெற்றி, 5 தோல்வி. கணிப்பாளர்கள் ஏறக்குறைய 20 பாயிண்ட் வித்தியாசம் போட்டிருந்தார்கள். அந்த அணியில் உண்மையிலேயே பலமான ஒரே இடம் டிஃபென்ஸின் நடுப்பகுதி. மேசன் கிரகாம், கென்னத் கிராண்ட் என்று இரண்டு பேர். அடுத்த ஏப்ரலில் இருவரும் என்எஃப்எல் டிராஃப்டின் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றிலேயே போனார்கள். நாட்டின் சிறந்த ரிசீவர்கள் வெளியே நிற்க, ஒஹாயோ ஸ்டேட் திரும்பத் திரும்ப நடுவிலேயே முட்டி ஓடியது. அந்த வரிசையை உடல் பலத்தால் உடைத்துக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதம். லைனில் இரண்டு பேர் இல்லாதபோது அது எடுபடவில்லை.

மீதியைச் சிறு சிறு தவறுகள் செய்தன. ஹோவர்ட் எறிந்த இரண்டு பந்துகள் எதிரணி கையில் விழுந்தன. அதில் ஒன்று மிச்சிகனின் ஒரே டச்டவுனுக்கு வழி விட்டது. அதிகத் தூரமில்லாத இரண்டு ஃபீல்டு கோல்கள் தவறின. இரண்டாம் பாதியில் ஒஹாயோ ஸ்டேட் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. 45 நொடி இருக்கும்போது மிச்சிகன் 21 கெஜ ஃபீல்டு கோல் உதைத்து முடித்தது. நான்காவது வருடத் தோல்வி.

மேட்ச் முடிஞ்சு ஏன் அடிதடி? போலீஸ் ஸ்பிரே அடிச்சாங்களே.

ஜெயித்த மிச்சிகன் வீரர்கள் மைதான நடுவில் இருந்த ஒஹாயோ ஸ்டேட் சின்னத்தின் மேல் தங்கள் கொடியை நடப் போனார்கள். சாயர் உள்ளிட்டவர்கள் பிடுங்கினார்கள். கைகலப்பானது. போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடித்துப் பிரித்தது. பிக் டென் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1,00,000 டாலர் அபராதம் போட்டது.

ரெண்டு தோல்விக்கு அப்புறம் எப்படி பிளேஆஃப்ல விட்டாங்க?

அந்த வருடம்தான் பிளேஆஃப் 4 அணியிலிருந்து 12 அணியாக விரிந்தது. ஒரு தேர்வுக் குழு வாராவாரம் தரவரிசை போடும். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் மேலே இருக்கும் ஐந்து அணிகளுக்கு நேரடி இடம். மீதி ஏழு இடங்கள், சாம்பியன் ஆகாவிட்டாலும் தரவரிசையில் மேலே உள்ளவர்களுக்கு. மிச்சிகனிடம் தோற்றதால் பிக் டென் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கே ஒஹாயோ ஸ்டேட் போகவில்லை. அதில் ஓரிகன் பென் ஸ்டேட்டை 45-37 ஜெயித்தது. ஆனால் பென் ஸ்டேட்டையும் இண்டியானாவையும் முன்பே ஜெயித்திருந்ததால் குழு இவர்களை ஆறாம் இடத்தில் வைத்தது.

பழைய நான்கு அணி முறையாக இருந்தால் ஆறாம் இடத்துக்கு வாய்ப்பே இல்லை. நவம்பர் 30ஆம் தேதியே கதை முடிந்திருக்கும்.

ஆறாவது ரேங்க்னீங்க, ஆனா பிளேஆஃப்ல எட்டாவதா இருந்தாங்களே?

நான்கு சிறந்த கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு முதல் நான்கு இடங்களும் முதல் சுற்று ஓய்வும் என்று விதி. அதனால் தரவரிசையில் 9ஆம் இடத்தில் இருந்த பாய்ஸி ஸ்டேட் 3ஆக, 12ஆம் இடத்தில் இருந்த அரிசோனா ஸ்டேட் 4ஆக ஏறின. மற்றவர்கள் கீழே தள்ளப்பட்டார்கள். 6 என்பது 8 ஆனது இப்படித்தான்.

இதில் உண்மையாகப் பாதிக்கப்பட்டது ஓரிகன். 13 ஆட்டம் ஜெயித்து முதலிடம் வாங்கியவர்களுக்கு, முதல் ஆட்டத்திலேயே நாட்டின் வலிமையான அணிகளில் ஒன்று எதிரே வந்து நின்றது. அந்த வருடம் ஓய்வு வாங்கிய நான்கு அணிகளும் தங்கள் முதல் ஆட்டத்திலேயே வெளியேறின. 2025 முதல் விதியை மாற்றி, தரவரிசை எப்படியோ அப்படியே இடம் என்றாக்கினார்கள். சரியான மாற்றம்.

டென்னஸி மேட்ச்ல நம்ம ஸ்டேடியம் பூரா ஆரஞ்சா இருந்துச்சே. நம்மாளுங்க எங்க போனாங்க?

மிச்சிகன் தோல்விக்குப் பிறகு மூன்று வாரம். மனம் வெறுத்த நிறையப் பேர் டிக்கெட்டை விற்றுவிட்டார்கள். டென்னஸி ரசிகர்கள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அதைப் பார்த்து வருத்தப்பட்டவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் முதல் காலாட்டத்திலேயே 21-0. மிச்சிகன் ஆட்டத்தில் பூட்டி வைத்திருந்த ரிசீவர்களுக்கு இந்த முறை பந்து தாராளமாகப் பறந்தது. தோல்விக்குப் பிறகு வீரர்களும் கோச்சுகளும் ஒரே அறையில் உட்கார்ந்து மனம் விட்டுப் பேசினார்கள் என்று அவர்களே பிறகு சொன்னார்கள். அதன் பலன் அன்று தெரிந்தது. ஆஃபென்ஸை நடத்திய சிப் கெல்லியின் திட்டமே வேறாக இருந்தது.

அக்டோபர்ல தோத்த ஓரிகனையே ரோஸ் பவுல்ல எப்படி அப்படி அடிச்சாங்க?

ரோஸ் பவுலில் நடந்த காலிறுதி, ஜனவரி 1, 2025. இரண்டாவது காலாட்டத்தில் ஸ்கோர் 34-0. முதல் சில முயற்சிகளிலேயே ஸ்மித்துக்கு 45 கெஜப் பாஸ், டச்டவுன். எக்புகாவுக்கு 42 கெஜம். ஹெண்டர்சன் 66 கெஜம் ஓடினார். ஸ்மித் ஒருவரே 7 பந்து பிடித்து 187 கெஜம் சேர்த்தார்.

டிஃபென்ஸ்தான் இன்னும் பெரிய மாற்றம். அக்டோபரில் ஓரிகன் குவார்ட்டர்பேக்கை ஒருமுறைகூட வீழ்த்த முடியாதவர்கள் இம்முறை எட்டு முறை வீழ்த்தினார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு டிஃபென்ஸ் பொறுப்பாளர் ஜிம் நோல்ஸ் தன் முறைகளைத் திருத்தினார். கடைசி வரிசையில் நின்ற டவுன்ஸை அடிக்கடி முன்னே கொண்டுவந்தார், எங்கிருந்து ஆள் பாய்வார் என்று எதிரணி கணிக்க முடியாதபடி செய்தார். ஒரு தோல்வியிலிருந்து ஓர் அணி எவ்வளவு கற்க முடியும் என்பதற்கு இந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போதும்.

ஜாக் சாயர் ஓடினாரே, அந்த வீடியோதான் எல்லாரும் அனுப்புறாங்க. அதுல என்ன விசேஷம்?

ஜனவரி 10, டெக்ஸஸ் மாநிலம் ஆர்லிங்டனில் அரையிறுதி. ஒஹாயோ ஸ்டேட் 21-14 முன்னிலை. டெக்ஸஸ் எண்ட் ஸோனுக்கு ஒரே ஒரு கெஜத்தில், கையில் நான்கு முயற்சி. முதல் முயற்சியில் நகர விடவில்லை. இரண்டாவதில் பக்கவாட்டில் பந்தைத் தூக்கிப் போட்டார்கள். கடைசி வரிசைக் காவலர்கள் ரான்சமும் டவுன்ஸும் பாய்ந்து 7 கெஜம் பின்னால் வீழ்த்தினார்கள். மூன்றாவது பாஸ் வீண். நான்காவதில் சாயர் குவார்ட்டர்பேக் கையிலிருந்தே பந்தைத் தட்டிவிட்டு, அதைத் தானே எடுத்து 83 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். சமனாக வேண்டிய ஆட்டம் 28-14 ஆனது.

அந்தக் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் 2021இல் ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்தவர், சாயரின் அறைத்தோழர். சாயரோ கொலம்பஸை ஒட்டிய பிக்கரிங்டன் ஊர்ப் பையன். மிச்சிகன் கொடியைப் பிடுங்கியவரும் இவர்தான். ஊர் இந்த ஓட்டத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுவதற்கு வேறு காரணம் வேண்டுமா? எனக்கு அந்த ஓட்டத்தைவிட இரண்டாவது முயற்சியில் பின்னுக்குத் தள்ளிய அந்த 7 கெஜம் பெரிது. அது இல்லையென்றால் நான்காவது முயற்சி எட்டு கெஜத்திலிருந்து வந்திருக்காது.

ஃபைனல் சுலபமா ஜெயிச்ச மாதிரிதானே இருந்துச்சு?

நடுவில் மட்டும். நோத்ர டேம் தொடக்கத்தில் 18 முயற்சிகளில், 9 நிமிடம் 45 நொடி பந்தைக் கையில் வைத்திருந்து டச்டவுன் போட்டது. அதற்குப் பிறகு ஒஹாயோ ஸ்டேட் பந்து கிடைத்த முதல் நான்கு தடவையும் டச்டவுன். ஹோவர்ட் தொடர்ந்து 13 பாஸ்களைத் தவறாமல் சேர்த்தார். இடைவேளைக்குப் பிறகு ஜட்கின்ஸ் 70 கெஜம் ஓடினார். 31-7.

அங்கிருந்து நோத்ர டேம் 31-23 வரை துரத்தியது. அவர்களுடைய கோச் மார்க்கஸ் ஃப்ரீமன் ஒஹாயோ ஸ்டேட்டின் பழைய வீரர்; தேசிய ஃபைனலுக்கு அணியைக் கொண்டுவந்த முதல் கறுப்பினத் தலைமைக் கோச். சில நிமிடங்கள் பாக்கி, தேர்ட் அண்ட் லெவன். பாதுகாப்பாக ஓடி நேரத்தைக் கழித்திருக்கலாம். அதைச் செய்யாமல் ஸ்மித்துக்கு நீண்ட பாஸ், 56 கெஜம். நவம்பர் 30இல் எடுக்க மறுத்த முடிவை ஜனவரி 20இல் எடுத்தார்கள்.

மிச்சிகன் கிட்ட தோத்துட்டு வாங்கின கப், உண்மையான கப்தானா?

உண்மையானதுதான். தரவரிசையில் 7, 1, 3, 5 என்று இருந்த நான்கு அணிகளைத் தொடர்ந்து ஜெயித்து வாங்கியது. இதைவிடக் கடினமான வழி அதுவரை எந்தச் சாம்பியனுக்கும் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். சொந்த மைதானத்தில் ஒன்று மட்டும்தான் நடந்தது.

ஆனால் "கோப்பை வந்துவிட்டது, மிச்சிகன் தோல்வியை மறந்துவிடலாம்" என்று சொல்பவர்களோடு நான் சேரமாட்டேன். சாயர், எக்புகா போன்றவர்கள் சாம்பியன் மோதிரத்தோடு போனார்கள், தங்கப் பதக்கம் இல்லாமல் போனார்கள். ஒன்று இன்னொன்றை அழிக்காது. 12 அணி முறை வந்தால் வழக்கமான சீசனின் ஆட்டங்களுக்கு மதிப்பு குறையும் என்று பயந்தவர்கள் உண்டு. அந்தத் தோல்வி கொலம்பஸை எவ்வளவு உலுக்கியது என்று பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராது. மிச்சிகனை மறுபடி ஜெயித்தது நவம்பர் 29, 2025இல், ஆன் ஆர்பரில், 27-9.

ரயன் டேயை வேலையை விட்டு அனுப்பணும்னு கத்தினாங்களே, இப்போ?

2019இலிருந்து தலைமைக் கோச். பத்து ஆட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்பதை ஜெயிப்பவர். நவம்பரில் அவரைத் துரத்தச் சொன்னவர்கள் ஜனவரியில் தெருவில் ஆடினார்கள். 2025 பிப்ரவரியில் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. வருடத்துக்குச் சராசரி 12.5 மில்லியன் டாலர்.

ஜெரமையா ஸ்மித் அவ்ளோ நல்லா ஆடுறாரே, ஏன் உடனே என்எஃப்எல் போகல?

பள்ளி முடித்து மூன்று வருடம் ஆன பிறகுதான் என்எஃப்எல் எடுக்கும். 2024இல் அவர் முதலாண்டு மாணவர். 2027 டிராஃப்ட் வரை காத்திருக்க வேண்டும்.

அந்த டீம்ல இருந்தவங்க இப்போ எங்க?

2025 டிராஃப்டில் 14 பேர் போனார்கள். முதல் சுற்றிலேயே நான்கு பேர்: எக்புகா டாம்பா பேக்கு, ஜாக்சன் மினசோட்டாவுக்கு, டைலீக் வில்லியம்ஸ் டெட்ராய்ட்டுக்கு, முழங்கால் போன சிம்மன்ஸ் கான்சஸ் சிட்டிக்கு. ஹெண்டர்சன் நியூ இங்கிலாந்து, ஜட்கின்ஸ் கிளீவ்லாண்ட். ஹோவர்டும் சாயரும் பிட்ஸ்பர்க்கில் ஒரே அணி. கோச்சுகளில் 2025 தொடக்கத்தில் கெல்லி லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கும் நோல்ஸ் பென் ஸ்டேட்டுக்கும் போனார்கள்.

ஒரே ஒரு மேட்ச் முழுசா பார்க்கணும்னா எதைப் பார்க்கட்டும்?

அடிதூள் வேண்டுமென்றால் ரோஸ் பவுல். ஆனால் முதன்முறை பார்க்கிறவர்களுக்கு டெக்ஸஸ் அரையிறுதியைத்தான் சொல்வேன். ஸ்கோர் நெருக்கமாகவே போகும். ஸ்மித்தை ஒரே ஒரு பந்து பிடிக்கும் அளவுக்குக் கட்டிப் போட்டால் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரியும். முதல் பாதி முடியும் நேரத்தில் சின்ன பாஸைப் பிடித்து ஹெண்டர்சன் போட்ட 75 கெஜ டச்டவுன் இருக்கிறது. முழு ஆட்டம் மூன்றரை மணி நேரம். அவ்வளவு பொறுமை இல்லாவிட்டால் கடைசிக் காலாட்டத்தை மட்டும் பாருங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முயற்சி தொடங்கும்போதும் இடது ஓரத்தில் நிற்கும் 74ஆம் எண் ஜாக்சனைப் பாருங்கள்.